வீடு நல்லா இருக்கா?

புது வீட்டுக்குக் குடிபோனவர்களைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கிற கேள்வி, “வீடு நல்லா இருக்கா?” எல்லோரும் சொல்கிற பதில், “நல்லா இருக்கு.” குளியலறை மூலையில் தண்ணீர் தேங்கி நிற்கும். சமையலறைக் குழாயில் சன்னமாகத் தண்ணீர் வரும். படுக்கையறைக் கதவைச் சாத்தினால் நிலையில் இடிக்கும். ஆனாலும் பதில் அதுதான். இருபது வருடம் வங்கிக்குத் தவணை கட்டப்போகிற வீட்டைப் பற்றி, நகையை அடகு வைத்து முன்பணம் கொடுத்த வீட்டைப் பற்றிக் குறை சொல்ல வாய் வருவதில்லை. வந்தாலும் பெரியவர்கள் விடுவதில்லை. “பால் காய்ச்சின வீட்டுல நின்னுக்கிட்டுக் குறை பேசாதடி” என்று அம்மா என்னையே அடக்கியிருக்கிறார்.

அம்மா சொன்னது பாசத்தில். கண் பட்டுவிடுமோ என்ற பயத்தில். அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் புது வீட்டின் குறையைச் சின்னதாக இருக்கும்போதே வாய் திறந்து சொல்லிவிட வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது, எதை மட்டும் கொஞ்ச நாள் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தை மாதம் சென்னை மேடவாக்கத்தை அடுத்த ஓர் அடுக்ககத்துக்குக் குடிவந்தோம். இப்போது ஆவணி. இந்த மாதங்களில் இந்த வீடு கற்றுக்கொடுத்தது நிறைய.

முதலில் குழாய். எங்கள் வீடு மேல்மாடி. மொட்டைமாடித் தொட்டிக்கும் எங்கள் குழாய்களுக்கும் உயர வித்தியாசம் குறைவு என்பதால் தண்ணீர் வேகம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். “பிரஷர் பம்பு வச்சிடுங்க” என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வயதான பிளம்பர் ஒருவர் வந்தார். “பம்பு எதுக்கும்மா? இதை முதல்ல கழட்டிப் பாப்போம்” என்று குழாய் முனையில் திருகியிருந்த சின்னச் சல்லடையைத் துணி சுற்றித் திருகி எடுத்தார். ஏரேட்டர் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அதை உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினார். ஆற்று மணல் போல இல்லாமல் கூர்கூராக இருந்த எம்-சாண்ட் துகள்கள், பைப்பை அறுத்தபோது விழுந்த வெள்ளைச் சீவல், நைந்துபோன டெஃப்லான் டேப்பில் ஒரு துண்டு, சிமென்ட் கட்டி ஒன்று. கட்டும்போது பைப்புக்குள் விழுந்ததெல்லாம் முதன்முதலாகத் தண்ணீர் ஓடும்போது குழாய் முனைக்குத்தான் வந்து சேரும். கழுவித் திரும்பப் பூட்டியதும் பாத்திரம் தேய்க்கிற அளவுக்குத் தாராளமாகத் தண்ணீர் வந்தது. பம்பு வாங்கியிருந்தால் பல ஆயிரம் ரூபாய் போயிருக்கும், அடைப்பு மட்டும் அப்படியே இருந்திருக்கும்.

கட்டட மணல் ஓய்ந்ததும் உப்பு ஆரம்பிக்கும். தென்சென்னைப் புறநகரில் பலபேர் போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நம்பித்தான் இருக்கிறோம். குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த அளவு. எங்கள் போர் தண்ணீர் அந்த மேல் எல்லையை ஒட்டி இருக்கிறது. இந்தத் தண்ணீரைச் சுடவைத்தால் அதில் கரைந்திருக்கும் கால்சியம் வெள்ளைப் படிவமாக வெளியே வந்து கீசர் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். வெப்பத்தை 60 டிகிரிக்குக் கீழே வைத்தால் படிவது குறையும். சல்லடையில் பிடித்த உப்பை எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ இரவு ஊறவைத்தால் போய்விடும். ஒன்று மட்டும் கவனம்: சமையல் மேடையோ தரையோ மார்பிளாக இருந்தால் புளிப்பு எதுவும் அதன்மேல் சிந்தக் கூடாது. மெருகு போய்விடும்.

அடுத்தது வாசனை. புது வண்ணப்பூச்சின் வாசனை அடங்குவதற்குள் பால்கனிப் பக்கமிருந்து சாக்கடை நாற்றம். கூடவே கரப்பான். புது வீட்டில் கரப்பானா என்று வீட்டில் எல்லோருக்கும் மனசு சுருங்கிவிட்டது. காரணம் மிக எளிது. தரையில் தண்ணீர் போகிற ஒவ்வொரு ஓட்டைக்குக் கீழேயும் ஒரு வளைவு இருக்க வேண்டும். அதில் சில அங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். கீழே உள்ள சாக்கடைக் காற்று மேலே ஏறாமல் அடைத்து நிற்பது அந்தத் தண்ணீர்தான். கட்டி முடித்து மாதக்கணக்கில் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டில் அது காய்ந்துபோயிருக்கும். துணி துவைக்கும் இடம், விருந்தினர் குளியலறை, பால்கனி என்று அதிகம் புழங்காத இடங்களில் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கும் இதே வைத்தியம்தான். ஊற்றியும் நாற்றம் போகவில்லை என்றால் அந்த வளைவையே வைக்காமல் விட்டிருக்கக்கூடும். அது சொல்லியே ஆக வேண்டிய குறை.

சொல்லியே ஆக வேண்டியதில் எனக்கு முதலிடம் வாட்டம். குளியலறைத் தரையில் தண்ணீர் ஓட்டையை நோக்கி ஓட வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்க்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, குழந்தையிடம் ஒரு கோலிக்குண்டு வாங்கித் தரையில் விடுங்கள். எங்கள் குளியலறையில் அது ஓட்டைக்கு நேர் எதிராக வாசற்படிப் பக்கம் உருண்டது. ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளுவது ஒரு நாள் வேலையென்றால் பொறுத்துக்கொள்ளலாம். முழங்கால் வலியோடு இருக்கும் மாமியார் வழுக்கி விழுந்தால்? தேங்குகிற தண்ணீர் டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கிக் கீழ்வீட்டுச் சீலிங்கில் ஓதமாகத் தெரிந்தால்? வாட்டத்தைச் சரிசெய்ய டைல்ஸை உடைத்து, நீர்க்காப்புப் பூச்சு மறுபடி போட்டு, மறுபடி டைல்ஸ் ஒட்ட வேண்டும். நாமே செய்தால் கையைக் கடிக்கும். கட்டிக்கொடுத்தவர் செய்ய வேண்டிய வேலை அது.

கட்டுநரின் பொறியாளர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது: “எல்லா வீட்லயும் இப்படித்தான் மேடம் இருக்கு.” இந்தப் பதிலைக் கேட்டுப் பலபேர் அடங்கிவிடுகிறார்கள். நியாயமாகப் பார்த்தால் அது குறையைப் பெரிதாக்குகிற பதில். எல்லா வீட்டிலும் வாட்டம் தப்பு என்றால் எல்லா வீட்டிலும் சரிசெய்ய வேண்டும்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ரெரா என்று நாம் சொல்வது. அதன் 14-ஆவது பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைப்பாட்டிலோ தரத்திலோ உள்ள குறை கட்டுநரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டால், அவர் 30 நாட்களுக்குள் கூடுதல் காசு கேட்காமல் சரிசெய்து தர வேண்டும். தராவிட்டால் இழப்பீடு கேட்கலாம். சாவியை வாங்கும் அன்று கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி கேட்க முடியாதே என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். “கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டால்” என்ற இடம் முக்கியம். சொல்ல வேண்டியது நம் வேலை. அதை லிஃப்ட் வாசலில் நின்று சொன்னால் காற்றோடு போய்விடும். தேதியும் படமும் வைத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள், விரைவுத் தபால் அதைவிட நல்லது. எங்கள் வீட்டு வாட்டத்துக்கு அப்படி எழுதிய பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். வந்த கொத்தனாரும் சித்தாளும் அக்கறையாகச் செய்தார்கள். முதல் தடவை டைல்ஸ் ஒட்டியபோது இவர்களுக்கு எவ்வளவு அவசரம் கொடுத்திருப்பார்கள் என்று அந்த வேலையைப் பார்க்கும்போது தோன்றியது.

500 சதுர மீட்டருக்கு மிகாத மனையிலோ, 8 வீடுகளுக்கு மிகாமலோ கட்டுகிறவர்கள் ரெராவில் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. தெருவுக்குத் தெரு நான்கு வீடு, ஆறு வீடு என்று எழும்புகிற அடுக்ககங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். அங்கே வாங்குகிறவர்கள் குறைகளை யார், எவ்வளவு காலத்துக்குச் சரிசெய்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுவது நல்லது.

பொறுத்துப் பார்க்க வேண்டியவையும் உண்டு. தையில் நிலையில் இடித்த கதவைச் சீவ ஆசாரியைக் கூப்பிட்டோம். அவர் இழைப்புளியை வெளியே எடுக்கவே இல்லை. “மழை ஈரத்துல ஊதியிருக்கும்மா, வெயில் வரட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். கூலியைத் தானே வேண்டாம் என்று சொல்லும் தொழில்காரரை என்னால் மறக்க முடியவில்லை. சித்திரையில் கதவு தானாகச் சரியாகிவிட்டது. தையிலேயே சீவியிருந்தால் கோடையில் விரல் நுழைகிற இடைவெளி விழுந்திருக்கும்.

சுவர் விரிசலும் அப்படித்தான். சிமென்ட் பூச்சு காயும்போது சுருங்கும். கான்கிரீட் பீமும் அதன் கீழே கட்டிய சுவரும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிவதில்லை. இரண்டும் சேருகிற இடத்தில் பூசுவதற்கு முன் கோழிவலை அடிக்காமல் விட்டால் நேர்கோடாக ஒரு விரிசல் ஓடும். பார்த்ததும் பட்டி வைத்து வண்ணம் அடித்து மறைத்தால் அடுத்த கோடையில் அதே இடத்தில் மறுபடி திறக்கும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். மாதாமாதம் பாருங்கள். கோட்டைத் தாண்டாவிட்டால் ஒரு வெயிலும் ஒரு மழையும் போன பிறகு நிதானமாக அடைத்துக்கொள்ளலாம். கோட்டைத் தாண்டி ஓடினால், அல்லது ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கினால், அந்தப் படத்தோடு உடனே எழுத வேண்டும்.

மின்சாரத்தில் பொறுமை கூடாது. கீசர் போட்டால், மழை பெய்தால் வீடு முழுவதும் மின்சாரம் போகிறது என்றால் பெரும்பாலும் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி வேலை செய்கிறது என்று பொருள். வீடுகளில் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும். அந்தக் கசிவு ஒரு மனித உடல் வழியாகப் போகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அளவு. “தொல்லையா இருக்குதுன்னா இதைத் தூக்கிட்டு டைரக்டா கொடுத்துடறேன்” என்று எலக்ட்ரீஷியன் யாராவது சொன்னால் தயவுசெய்து அவரை வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். பால்கனி விளக்கில் ஈரமா, கீசர் கம்பி பழுதா, நியூட்ரல் எங்காவது எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடத் தெரிந்த இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். புது அடுக்ககத்தில் எல்லோரும் ஒரே நாளில் குடிவருவதில்லை. ஒரு வீட்டில் அலமாரி வேலை முடிய, அடுத்த வீட்டில் டிரில் ஆரம்பிக்கும். இதற்குச் சங்கம் கூடி நேரம் வகுப்பதைத் தவிர வழியில்லை. எங்கள் கட்டடத்தில் மதியம் தூங்கும் கைக்குழந்தை இருக்கிற வீட்டார் கேட்டுக்கொண்டதால் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை டிரில் கிடையாது என்று முடிவாயிற்று. கேட்ட உடனே எல்லோரும் சரி என்றார்கள்.

எங்கள் வீட்டு நாற்காலிகளும் அந்தக் கூட்டத்தில்தான் பேச்சுக்கு வந்தன. கீழ்வீட்டு அக்கா தயங்கித் தயங்கி, “ராத்திரி சாப்பிட்டு எழுந்திரிக்கும்போது சேர் இழுக்கிற சத்தம் எங்க ரூமுல கேட்குதுப்பா” என்றார். கான்கிரீட் தளத்தில் உரசும் சத்தம் கீழே அப்படியே இறங்கும், மேலே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. மறுநாளே என் கணவர் ஹார்டுவேர் கடையில் ரப்பர் புஷ் வாங்கிவந்து நாற்காலிக் கால்களுக்கெல்லாம் மாட்டினார். அக்கா எத்தனை இரவு அதைச் சகித்துக்கொண்டு படுத்திருந்தாரோ என்று எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவரும், நல்ல வீட்டில் இருந்துகொண்டு குறை சொல்வானேன் என்று நினைத்திருப்பார்.

மின் இணைப்பு, சொத்து வரி ஆகியவற்றில் பெயர் மாற்றுவதைத் தள்ளிப்போடாமல் முடித்துவிடுங்கள். விற்பனைப் பத்திரத்தில் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதே எழுத்தில், அதே இனிஷியலோடு எல்லாவற்றிலும் இருக்கட்டும். சுவருக்குள் எந்த வழியாகத் தண்ணீர்ப் பைப்பும் ஒயரும் போகின்றன என்ற வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். சாமி படத்துக்கு ஆணி அடிக்கிற அன்று அது தேவைப்படும்.

இப்போது எங்கள் முன்னால் இருக்கிற வேலை மேற்குப் பக்க வெளிச்சுவர். போன வாரம் பெய்த வெப்பச் சலன மழைக்கே ஜன்னலுக்கு மேலே ஓதம் தெரிந்தது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்தால் சாரம் கட்டி ஆள் ஏற முடியாது, பூச்சும் காயாது. விசாரித்ததில் எங்களுக்கு நேர் கீழே இரண்டு வீடுகளிலும் அதே இடத்தில் ஈரம். மூன்று வீட்டுக்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, படங்களை இணைத்துக் கட்டுநருக்கு எழுதியிருக்கிறோம். பொறியாளர் வியாழக்கிழமை வருவதாகப் பதில் வந்திருக்கிறது. மொட்டைமாடியில் மழைநீர்க் குழாய் சுவரோடு சேருகிற இடத்தையும் அன்றைக்கே அவரிடம் காட்ட வேண்டும்.