கடற்கரைக் கனவும் கடதாசிக் கட்டும்

தாய்லாந்தின் ஹுவா ஹின் நகரில், கடற்கரையிலிருந்து பத்து நிமிட நடைதூரத்தில் இருக்கும் ஒரு சிறிய வீட்டில் அண்மையில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். வீட்டுக்காரர் எங்கள் ஊரவர். என் மூத்த தமையனாரோடு ஒரே வகுப்பில் படித்தவர். வயது 67. நாங்கள் அவரை அண்ணை என்றே அழைப்போம். 1984 இல் ஊரை விட்டுப் புறப்பட்டவர். ஏஜென்சிக்காரனின் சொல்லை நம்பிப் பாங்கொக்கில் ஒரு அறையில் ஆறு வாரங்கள் அடைபட்டுக் கிடந்து, பின்னர் லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதி முதுமையடைந்தார். முதல் மனைவி காலமான பின், சில ஆண்டுகளுக்கு முன் ஹுவா ஹின்னைச் சேர்ந்த ஒரு தாய்லாந்துப் பெண்மணியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அங்கேயே குடியேறிவிட்டார்.

"அந்த நாளிலை பொலிஸைக் கண்டால் ஒளிச்ச நாடு, தம்பி. இப்ப மூண்டு மாதத்துக்கு ஒருக்கா நானே போய் 'இங்கைதான் இருக்கிறன்' எண்டு எழுதிக் கொடுத்திட்டு வாறன்" என்று சிரித்தார். அவர் சொன்னது வேடிக்கைக்காக அல்ல. நீண்டகால விசாவில் தங்கும் வெளிநாட்டவர் 90 நாட்களுக்கு ஒருமுறை தமது முகவரியைக் குடிவரவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

கடற்கரை, மலிவான மீன், அன்பான மக்கள் என்றுதான் தாய்லாந்து ஓய்வு வாழ்க்கை பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். அண்ணையின் அலுமாரியில் இருந்த தடித்த கோப்பைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவர் சிலரும் இப்போது அத்திசையை எண்ணத் தொடங்கியிருப்பதால், அந்தக் கோப்பைப் பற்றி எழுதுவதே பயனுள்ளது என்று தோன்றியது. நான் வரி ஆலோசகன் அல்லன். செய்தியாளனாகக் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றையும், அவை பற்றிய என் கருத்தையும் மட்டுமே இங்கு முன்வைக்கிறேன்.

முதலில் வங்கி. 50 வயதைக் கடந்த ஒருவர் ஓய்வுக்காகத் தாய்லாந்தில் தங்கி, ஆண்டுதோறும் அனுமதியை நீடிக்க வேண்டுமாயின், தாய்லாந்து வங்கியொன்றில் 800,000 பாத் வைப்பில் இருக்க வேண்டும். அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் வேண்டும். அல்லது இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 800,000 பாத்தை எட்ட வேண்டும். 2019 இல் இவ்விதி மேலும் இறுக்கப்பட்டது. விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்னரே அப்பணம் கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பின்னும் மூன்று மாதம் அதைத் தொடக்கூடாது. அதன் பின்னரும் மீதி 400,000 பாத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. அதாவது 400,000 பாத் ஒருபோதும் உங்கள் கைக்கு வராது. அது உங்கள் பெயரில் இருக்கும் பணம். ஆனால் உங்கள் அவசரத்துக்கு உதவாத பணம்.

வருமான வழியும் முன்போல இலகுவானதன்று. ஒரு காலத்தில் தூதரகம் கொடுக்கும் வருமானக் கடிதமே போதுமாயிருந்தது. அமெரிக்க, பிரித்தானிய, அவுஸ்திரேலியத் தூதரகங்கள் 2018 இன் இறுதியிலும் 2019 இன் தொடக்கத்திலுமாக அக்கடிதத்தை வழங்குவதை நிறுத்திவிட்டன. அந்நாட்டவர்கள் இப்போது மாதந்தோறும் வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கான வங்கிச் சான்றைக் காட்ட வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் நாணய மாற்று என்னும் பூதம் எழுந்து நிற்கும். 2000களின் நடுப்பகுதியில் ஒரு பவுணுக்கு 70 பாத் வரை கிடைத்தது. அண்மைய ஆண்டுகளில் 40களிலேயே அது தள்ளாடுகிறது. 65,000 பாத்துக்கு முன்னர் 930 பவுண் போதுமென்றால், இப்போது ஏறத்தாழ 1,500 பவுண் தேவை. ஓய்வூதியம் அவ்வேகத்தில் வளர்வதில்லை.

உண்மையில், சிலருக்கு அது வளர்வதே இல்லை. பிரித்தானிய அரச ஓய்வூதியம் அந்நாட்டிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் வாழ்பவருக்கு ஆண்டுதோறும் உயர்த்தப்படுகிறது. தாய்லாந்தில் வாழ்பவருக்கு அது முதன்முதலாகப் பெற்ற தொகையிலேயே உறைந்துவிடும். 2001 ஏப்ரலில் வாரம் 72.50 பவுண் முழு அடிப்படை ஓய்வூதியத்துடன் தாய்லாந்து சென்ற ஒருவர் இன்றும் அதே 72.50 பவுணையே பெறுவார். பிரித்தானியாவில் தங்கிவிட்ட அவரது சக தொழிலாளி 2025-26 இல் பெற்றதோ 176.45 பவுண். இருவரும் ஒரே அளவு காப்புறுதிப் பங்களிப்புச் செலுத்தியவர்கள். கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இதே விதிதான். இலங்கைக்கும் அதுவே என்பதை, ஊருக்குத் திரும்பும் எண்ணத்தோடு லண்டனில் வாழும் நம்மவர் மனதில் வைத்திருப்பது நல்லது. உழைத்த காலத்தில் எவரும் கேளாத முகவரியை, கொடுக்கும் காலத்தில் கேட்பது எந்த வகை நீதி? இதை அநீதி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அடுத்தது வரி. ஓர் ஆண்டில் 180 நாட்கள் அல்லது அதற்கு மேல் தாய்லாந்தில் தங்குபவர் வரி விடயத்தில் அந்நாட்டு வதிவாளராகிறார். முன்னர், வெளிநாட்டில் உழைத்த பணத்தை அதே ஆண்டில் உள்ளே கொண்டுவந்தால் மட்டுமே வரி. ஒரு வருடம் பொறுத்திருந்து கொண்டுவந்தால் வரியில்லை. இந்த ஓட்டையைப் பயன்படுத்தாத ஓய்வூதியர் குறைவு. 2023 செப்டெம்பரில் தாய்லாந்து இறைவரித் திணைக்களம் அதை அடைத்தது. 2024 ஜனவரி 1 முதல், எந்த ஆண்டில் கொண்டுவந்தாலும் அது வரிக்குரிய வருமானமே. 2023 நவம்பரில் வந்த இன்னோர் அறிவுறுத்தல், 2024 இற்கு முன் உழைத்த பணத்துக்கு விலக்களித்தது. 2025 இல் இவ்விதியைத் தளர்த்தும் யோசனையும் பேசப்பட்டது. ஆனால் யோசனையை நம்பிக் கணக்கெழுத முடியாது. ஆகவே 2023 டிசெம்பர் 31 அன்று உங்கள் சேமிப்பில் எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டும் வங்கிக் கூற்றைப் பத்திரப்படுத்துங்கள். அதற்குப் பின் வந்த வருமானத்தை அதனோடு கலக்காதீர்கள்.

இம்மாற்றம் வந்தபோது ஓய்வூதியர்களிடையே எழுந்த கொந்தளிப்பை அண்ணை விவரித்தார். சிலர் நாட்டை விட்டே போகப் புறப்பட்டார்களாம். அந்தக் கோபத்தில் எனக்கு உடன்பாடில்லை. அண்ணையின் மேசையில் இருந்து நாங்கள் போட்ட கணக்கை இங்கே தருகிறேன்.

மாதம் 50,000 பாத் வீதம், ஆண்டுக்கு 600,000 பாத் தனியார் ஓய்வூதியமாக ஒருவர் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 65 வயதைக் கடந்தவருக்கு 190,000 பாத் விலக்கு. எஞ்சும் 410,000 இல் செலவுக் கழிவாகப் பாதி. ஆனால் உச்ச வரம்பு 100,000. தனிநபர் கழிவு 60,000. மீதி 250,000 பாத். இதில் முதல் 150,000 பாத்துக்கு வரியில்லை. எஞ்சிய 100,000 பாத்துக்கு 5 வீதம். ஆண்டு முழுவதற்கும் வரி 5,000 பாத். வருமானமில்லாத, சட்டப்படி மணந்த மனைவி இருந்தால் மேலும் 60,000 கழிவு கிடைக்கும். வரி 2,000 பாத்தாகிவிடும்.

இதற்காகவா ஒரு நாட்டை விட்டு ஓடுவது? ஒரு நாட்டின் வீதியில் நடந்து, அதன் பொலிஸின் காவலில் உறங்கும் ஒருவர் அந்நாட்டுக்குச் சிறு தொகை கொடுப்பதில் இழிவேதுமில்லை. இரட்டை வரியைத் தவிர்க்கும் ஒப்பந்தங்களும் உண்டு. பிரித்தானிய அரச சேவை ஓய்வூதியத்துக்குப் பிரித்தானியாவில் மட்டுமே வரி என்பதும், அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புக் கொடுப்பனவுக்கு அமெரிக்காவில் மட்டுமே வரி என்பதும் அவ்வொப்பந்தங்களின் ஏற்பாடுகள். மறைப்பதும் இனி எளிதன்று. நிதிக் கணக்குத் தகவல்களை நாடுகளிடையே தானாகப் பரிமாறும் ஏற்பாட்டில் தாய்லாந்து 2023 இல் பரிமாற்றத்தைத் தொடங்கிவிட்டது. வரி இலக்கம் எடுத்து, மார்ச் இறுதிக்குள் கூற்றைச் சமர்ப்பித்துவிட்டு நிம்மதியாக உறங்குவதே புத்தி.

ஆனால் தாய்லாந்து அரசிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். 2022 இல் அந்நாடு அறிமுகப்படுத்திய நீண்டகால வதிவிட விசாவில் செல்வந்த ஓய்வூதியர் என்றொரு பிரிவு உண்டு. ஆண்டுக்கு 80,000 டொலர் வருமானம் உள்ளவர், அல்லது 40,000 டொலர் வருமானத்துடன் 250,000 டொலரைத் தாய்லாந்தில் முதலிடுபவர் அதற்குத் தகுதியுடையவர். அவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு வரிவிலக்கு. மாதம் 50,000 பாத்தில் வாழும் கிழவரிடம் 5,000 பாத் வாங்கிக்கொண்டு, அவரைப் போல் நான்கு மடங்கு வருமானமுள்ளவரை வணங்கி வரவேற்பது என்ன நியாயம்? வரி கேட்பது அரசின் உரிமை. வரியின் பாரத்தைத் தலைகீழாகச் சுமத்துவது உரிமையாகாது.

இவையெல்லாம் பணக் கணக்குகள். அண்ணையின் வீட்டில் என்னை உலுக்கியது வேறொன்று.

அயல்வீட்டில் ஓர் ஆங்கிலேயர் இருந்தார். ஒரு தாய்லாந்துப் பெண்ணோடு பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவர். பிக்குகள் ஓத, ஊர் கூடிக் கொண்டாடிய திருமணம். ஆனால் மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்யவில்லை. மரணசாதனமும் எழுதவில்லை. "அதுக்கு இன்னும் காலமிருக்கு" என்பாராம். ஓர் இரவு மாரடைப்பில் போய்விட்டார். விசாவுக்காகக் காட்டிய 800,000 பாத் அவர் பெயரில் மட்டும் இருந்த கணக்கில் கிடந்தது. மரணச் சான்றிதழோடு போன அந்தப் பெண்ணிடம் வங்கி கேட்டது, மரணித்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் நியமித்த ஆள் யார் என்பதையே. பதிவுத் திருமணம் இல்லாததால் சட்டத்தின் கண்ணில் அவள் வாரிசு அல்லள். ஆண்டுக்கணக்காக அவரோடு பேசாதிருந்த பிள்ளைகளே வாரிசுகள். வைத்தியசாலைக் கட்டணத்தையும் இறுதிக் கிரியைச் செலவையும் அவள் தன் தங்கச் சங்கிலியை விற்றுக் கட்டினாள். வங்கி அட்டையும் அதன் இரகசிய இலக்கமும் அவள் கையில் இருந்தன. ஆனால் மரணித்தவரின் கணக்கிலிருந்து எடுப்பது குற்றம் என்று யாரோ சொல்ல, அஞ்சிப் பேசாமலிருந்துவிட்டாள்.

இதில் வங்கியைக் குறை சொல்ல எனக்கு இடமில்லை. அது சட்டப்படியே நடந்தது. குறை, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்த மனிதருடையது. வரி 5,000 பாத்தா 2,000 பாத்தா என்று இரவிரவாக விவாதிக்கும் ஓய்வூதியர்கள், தாம் இறந்த மறுநாள் மனைவி எந்தக் கதவைத் தட்டுவாள் என்று ஒரு மணித்தியாலம் யோசிப்பதில்லை.

ஆகவே தாய்லாந்தை எண்ணும் நம்மவருக்கு நான் சொல்லக்கூடியவை சில. எல்லாப் பணத்தையும் ஒரே நாட்டில் வைக்காதீர்கள். தாய்லாந்தின் வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 10 இலட்சம் பாத் வரை மட்டுமே. பழைய நாட்டின் வங்கிக் கணக்கையும், இரகசிய இலக்கம் வந்து சேரும் அந்நாட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் உயிரோடு வைத்திருங்கள். அந்தச் சிம் அட்டை செத்தால் உங்கள் கணக்கின் கதவும் மூடிவிடும். வெளிநாட்டு அட்டையால் ஏ.ரி.எம். இயந்திரத்தில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் 200 பாத்துக்கு மேல் கட்டணம் போகும். சிறுகச் சிறுக எடுக்காதீர்கள். மீள்நுழைவு அனுமதி பெறாமல் ஊருக்குப் பறக்காதீர்கள். விமானம் ஏறியவுடன் உங்கள் தங்கும் அனுமதி இறந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடன் வாழ்பவரைச் சட்டத்தின் முன் அறியப்பட்டவராக்குங்கள். அவருடைய செலவுக்கென அவர் பெயரிலேயே ஒரு கணக்கில் சிறு தொகையை வையுங்கள்.

என் பயணத்தின் மூன்றாம் நாள் அண்ணை கோப்பைத் திறந்து, தாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சிட்ட இரண்டு பக்கங்களை எடுத்தார். அவருடைய மரணசாதனம். தாய்லாந்துச் சட்டப்படி இரண்டு சாட்சிகள் ஒன்றாக முன்னிலையில் இருக்க வேண்டும். சாட்சி சொத்துப் பெறுபவராக இருக்கக்கூடாது. ஒரு சாட்சியாக நானும் மற்றவராக வீதி முனையில் கடை வைத்திருக்கும் முதியவரும் கையொப்பமிட்டோம். லண்டனில் இருப்பது பிள்ளைகளுக்கு, தாய்லாந்தில் இருப்பது மனைவிக்கு என்று தெளிவாக எழுதியிருந்தார். நிர்வகிக்கும் பொறுப்பும் மனைவிக்கே. நீதிமன்றத்துக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் வெறுங்கையோடு போகமாட்டார்.

அந்த அம்மா எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். தாளில் என்ன இருக்கிறது என்று அண்ணை அவருடைய மொழியில் சொன்னார். அவர் எதுவும் பேசவில்லை. கோப்பை வாங்கி, அலுமாரியில் தன் உடைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.