கஞ்சிக்குச் சட்டி கொண்டு போவோம்



ஒரு சஹனில் ஆறு பேர் சேர்ந்து சாப்பிட்ட சமூகம் நாம். கழுவிக் கவிழ்த்தால் அடுத்த கல்யாணத்துக்கும் அதே சஹன்தான். இன்று விருந்துச் சோறும் பார்சல். கொதிக்கக் கொதிக்க நோன்புக் கஞ்சியையும் சொப்பிங் பேக்கில் வாங்குகிறோம். சட்டி தூக்கிப் போவது வெட்கமாம்!

பொலித்தீன் லன்ச் ஷீட்டை அரசு தடை செய்தது 2017 செப்டம்பர் 1இல். பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதும் அன்றே தடை. நாமோ இன்னும் முற்றத்தில் கொளுத்துகிறோம். புகையைச் சுவாசிப்பது நம் பிள்ளைகள். கொளுத்தாதது காட்டோரம் போகிறது. அம்பாறை பள்ளக்காட்டில் குப்பைமேட்டுப் பொலித்தீனைத் தின்று யானைகள் செத்தன. நமக்குப் பக்கத்தில் வஸ்கமுவக் காடு. இங்கும் அது நடக்க வேண்டுமா?

"பேக் சும்மாதானே கிடைக்குது" என்று முன்பு சொல்லி வந்தோம். கடைக்காரர் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்கினார். அந்தக் காசு சாமான் விலையோடு நம் தலையில்தான் விழுந்தது. பள்ளிவாசலில் கொடுத்தால் அது ஜமாஅத்தின் காசு.

சிக்கனம் கஞ்சத்தனம் அல்ல. வுழூச் செய்யும்போதுகூடத் தண்ணீரை வீணாக்காதே என்ற மார்க்கம் நம்முடையது. வரும் நோன்பில் கஞ்சிக்குச் சட்டி, கடைக்குத் துணிப்பை, கல்யாணத்துக்குச் சஹன். பிள்ளைகள் கையிலும் சட்டியைக் கொடுத்து அனுப்புவோம். நாம் வெட்கப்படாவிட்டால் அவர்களும் வெட்கப்பட மாட்டார்கள்.