சைரன் கேட்காதவர்களுக்கு யார் சொல்வது?



2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர்களின் லயங்களை (வரிசை வீடுகளை) மூடியதிலிருந்து, கொஸ்லந்தயில் மழை வலுத்தாலே எங்களுக்கு நெஞ்சு பதறும். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் அளவு வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் அந்தச் செய்தி லயத்துக்கு எப்படி வருகிறது? சைரன், ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டாரின் கூச்சல். சந்தேகம் கேட்க அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்குப் பேச வேண்டும். எல்லாமே காதை நம்பியவை.

பிறவியிலேயே செவிப்புலன் இல்லாதவர்கள் மட்டுமல்ல, வயதால் காது மந்தமான ஓய்வுபெற்ற தொழிலாளர்களும் இங்கே இருக்கிறார்கள். கேட்கும் கருவி வைத்திருப்பவர்கூட இரவில் அதைக் கழற்றி வைத்துவிட்டே தூங்குகிறார். கருவி இல்லாதவர் காதைப் பரிசோதிக்கப் பதுளைக்கோ தியத்தலாவைக்கோ போனால் ஒருநாள் சம்பளம் போய்விடும். அதனாலேயே பலர் போவதில்லை.

இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 11ஆம் உறுப்புரை, அனர்த்த வேளையில் இவர்களின் பாதுகாப்பை அரசின் கடமையாக்குகிறது. ஆகவே ஹல்துமுல்லை பிரதேச செயலகம் கிராம உத்தியோகத்தர்கள் மூலம் காது கேளாதோர் பட்டியலை எடுக்கட்டும். ஒவ்வொருவரையும் தட்டி எழுப்ப அயலவர் ஒருவரை இப்போதே பொறுப்பாக்கட்டும். தமிழில் குறுஞ்செய்தியும் மின்னும் விளக்கும் தரட்டும். வெளியேற்றப்பட்டோர் தங்கும் நலன்புரி முகாம்களில் கேட்கும் கருவிக்கான பற்றரியும் இருக்கட்டும். செவிப் பரிசோதனை முகாமொன்றைத் தோட்டத்துக்கே கொண்டுவருமாறு ஊவா மாகாண சுகாதாரத் திணைக்களத்தையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பருவமழைக்கு முன் இவை நடக்க வேண்டும்.

வாசகர்,
கொஸ்லந்த