எந்தக் காமிரா நமக்கு ஏற்றது?

விஞ்ஞானம் நாளொரு புதுமையை நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவற்றுள் எதை வாங்குவது, எதை விடுவது என்பதே இன்று பெரும்பாடாகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் பள்ளிக்கு ஒரு டிஜிட்டல் காமிரா வாங்கித் தருவதென ஜூன் மாதத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்தோம். பொங்கலுக்குள் 18,000 ரூபாய் சேர்ந்தது. அதை எப்படிச் செலவிடுவது என்பதில்தான் வகுப்பு இரண்டுபட்டது.

காமிரா என்ற எண்ணம் எங்களுக்குத் தோன்றிய காரணத்தை முதலில் கூறிவிடுகிறோம். சென்ற ஆண்டு எங்கள் தோழி ஒருத்தியின் அப்பத்தா காலமானார். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி இல்லாமல் நம் மதுரையில் ஒரு துக்கம் உண்டா? அச்சகத்தார் படம் கேட்டார்கள். செல்போனில் நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தன. அப்பத்தா தனியாக, தெளிவாக இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. எவரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கல்யாண வீட்டுப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கினார்கள். சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டே செல்கிறது என்பது அன்று வீட்டாருக்குத் தெரியாது. சுவரில் ஒட்டியபோது முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அவள் அந்தத் தெரு வழியாக ஒரு வாரம் வரவில்லை.

நம் தாத்தாமார் காலத்தில் அக்ஃபா கிளிக் 3 என்றொரு காமிரா பல வீடுகளில் இருந்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். நம் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு ஆலை 1967 முதல் ‘இந்து’ சுருள்களைத் தயாரித்தது. சுருளும் காசு, கழுவுவதும் காசு. ஆகவே பெரியவர்களை நாற்காலியில் அமர்த்தி, வெயில் பார்த்து, மூச்சைப் பிடித்து எடுத்தார்கள். அந்தப் படங்கள் இன்றும் சுவரில் தொங்குகின்றன அன்றோ!

இனிக் கடைக்குப் போவோம். கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்கு. 48 என்பார், 64 என்பார். அஞ்சலட்டை போன்ற 6க்கு 4 அங்குலப் படத்தை நன்றாக அச்சிட 1800க்கு 1200 புள்ளிகள் போதும். பெருக்கினால் இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல். ஏ4 தாள் முழுவதும் அச்சிட்டாலும் ஒன்பதைத் தாண்டாது. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்த எவரும் போட்டுப் பார்க்கலாம். அப்படியிருக்க 64க்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

உண்மையில் பார்க்க வேண்டியது, ஒளியை வாங்கும் சென்சாரின் அளவு. மலிவான சிறு காமிராக்களில் அது சுண்டுவிரல் நகத்தளவுதான். லென்ஸ் மாற்றும் காமிராக்கள் பலவற்றில் அதன் பரப்பு பன்னிரண்டு மடங்குக்கும் மேல். ஆண்டு விழா மேடையின் மங்கலான விளக்கில் நடனமாடும் சிறுமியின் முகம் தெரிய வேண்டுமானால் இந்தப் பரப்புதான் கைகொடுக்கும். ‘டிஜிட்டல் ஜூம்’ என்று அச்சடித்திருந்தால் அதைப் பொருட்படுத்தவே வேண்டாம். அது படத்தை வெட்டிப் பெரிதாக்கும் வேலைதான், அப்பத்தாவின் முகத்துக்கு அச்சகத்தில் செய்தார்களே, அதேதான்.

எங்களுள் ஒரு சாரார் நெடுந்தூரம் இழுக்கும் ஜூம் லென்ஸ் வேண்டும் என்றனர். மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டி 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கழுகு, வல்லூறுகளைப் படமெடுக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. நியாயமான ஆசைதான். ஆனால் அங்கே ஆண்டுக்கு ஒரு முறை போகிறோம். மேடை நிகழ்ச்சியோ மாதந்தோறும் வருகிறது. சமணர் மலைச் சிற்பங்களுக்குப் பெரிய ஜூம் வேண்டியதில்லை. காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரமாகப் போனால் போதும்.

அடுத்த தகராறு, புதிதா பழையதா என்பது. “பழையதில் உத்தரவாதம் ஏது?” என்று பெற்றோர் சிலர் கேட்டனர். எங்கள் தொகைக்குப் புதிதாக வாங்கினால் சிறு சென்சார்தான் கிடைக்கும். தவணையில் வாங்கலாம் என்ற யோசனையை நாங்கள் அடியோடு மறுத்தோம். விளையாட்டுப் பொருளுக்குக் கடன் வேண்டாம். முடிவில் 2012இல் வெளிவந்த நிகான் டி3200 ஒன்றைச் சாதாரண லென்சுடன் 13,000 ரூபாய்க்கு வாங்கினோம். வாங்குமுன் லென்சுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தோம். வெறும் வானத்தைப் படமெடுத்து, சென்சாரில் கரும்புள்ளி உண்டா என்று பார்த்தோம். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதைப் படக் கோப்பிலிருந்தே கணினியில் அறிந்தோம்: 22,000. இத்தகைய காமிராக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் வரை உழைக்கும் என்பார்கள். பழைய பொருளை இப்படிச் சோதிக்காமல் வாங்குவதற்குப் பதில் வாங்காமலே இருக்கலாம்.

வீட்டில் நல்ல செல்போன் இருக்கிறவர்கள் தனியே காமிரா வாங்கத் தேவையில்லை என்பதும் எங்கள் கருத்து. அந்தப் பணத்தில் நல்ல படங்கள் நாற்பதை அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டி வைக்கட்டும்.

அட்டைக்கும் இன்னொரு பாட்டரிக்கும் 1,800 ரூபாய் ஆயிற்று. மீதி 3,200 ரூபாயை அச்சுக்கென்றே ஒதுக்கியுள்ளோம். பெற்றோர் தின விழாவன்று தாத்தா, பாட்டி, அப்பத்தாமாரை அழைத்து வருவோர் மாலை நான்கு மணிக்கே வேப்பமரத்தடிக்கு வந்துவிட வேண்டுகிறோம். ஆளுக்கொரு படம், அச்சுடன். ஐந்தரைக்கு மேல் அங்கே வெளிச்சம் நிற்பதில்லை.