இறங்குமுன் ஏற்றத்தை எண்ணுக

அமெரிக்காவில் பணிபுரியும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர் இன்று நம் பங்குகள் பலவற்றிலும் உளர். சென்றவர்கள் ஓரிரு வாரம் இளைப்பாறியதும், "விடுமுறைக்குக் கிராண்ட் கேன்யன் போய் வரலாமா?" என்ற பேச்சு வீட்டில் எழாமல் இராது. அரிசோனா மாநிலத்தின் வறண்ட மேட்டு நிலத்தைக் கொலராடோ ஆறு அறுத்து ஆக்கிய அப்பெரும் பள்ளத்தாக்கு, ஆற்றின் வழியே அளந்தால் 277 மைல் (446 கி.மீ.) நீளமும், சில இடங்களில் 18 மைல் அகலமும், ஒரு மைலுக்கு மேற்பட்ட ஆழமும் உடையது. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரக் குழந்தைகள் என மூன்று தலைமுறையினர் ஒரே வண்டியில் புறப்படுகின்றனர். அவர்களுள் எவருக்கு எது இயலும் என்பதை வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளாமற் போவதுதான் இப்பயணத்தில் நேரும் இடர்களுக்கெல்லாம் வித்து என்பது நம் கருத்து.

முதலில், எந்தக் கிராண்ட் கேன்யன்? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின், லாஸ் வேகஸ் நகரிலிருந்து செல்வோருள் பலர் 'கிராண்ட் கேன்யன் வெஸ்ட்' என்னும் இடத்திற்குப் போய், 2007-ல் திறக்கப்பட்ட கண்ணாடி நடைமேடையில் நின்றுவிட்டு, தேசியப் பூங்காவையே பார்த்துவிட்டதாக எண்ணித் திரும்புகின்றனர். அவ்விடம் ஹுவாலப்பாய் பழங்குடியினரின் நிலம். அதற்குக் கட்டணமும் வேறு. 1919-ல் அமைந்த தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்பு அங்கிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளது. லாஸ் வேகஸிலிருந்து தெற்கு விளிம்பிற்கு ஏறத்தாழ 280 மைல். பீனிக்ஸிலிருந்து 230 மைல். பிளாக்ஸ்டாஃப் என்ற சிறு நகரிலிருந்து 80 மைல். லாஸ் வேகஸிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று விளம்பரம் செய்வோர் உண்டு. முடியாததன்று. ஆனால், ஒன்பது மணி நேரம் வண்டியில் அமர்த்தி வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் பள்ளத்தாக்கைக் காட்டுவது முழங்கால் வலியுள்ள பெரியவருக்குச் செய்யும் மரியாதையாகாது. இரண்டு இரவேனும் தங்குவதாயின் செல்லுங்கள் என்போம். வில்லியம்ஸ் என்னும் ஊரிலிருந்து விளிம்பு வரை தொடர்வண்டியும் ஓடுகிறது. முதன்முதல் 1901-ல் ஓடத் தொடங்கிய அவ்வண்டியில் சென்றால், காரோட்டும் மகனுக்கும் சற்று ஓய்வு கிடைக்கும்.

வடக்கு விளிம்பு கண்ணெதிரே 10 மைல் தொலைவில் தெரியும். சாலை வழியே சென்றால் 215 மைல். குளிர்காலத்தில் பனியால் அங்குள்ள சாலை மூடப்படும். 2025 ஜூலையில் காட்டுத் தீ பரவி, அங்கிருந்த பழைய தங்கும் விடுதி எரிந்து போயிற்று. முதன்முறை செல்வோர்க்குத் தெற்கே போதும்.

செலவைப் பற்றி ஒரு சொல். வண்டியொன்றுக்கு நுழைவுக் கட்டணம் 35 டாலர். அது ஏழு நாள் செல்லும். 2026 ஜனவரி முதல், 16 வது வயதை எட்டிய வெளிநாட்டு வருகையாளர் ஒவ்வொருவரும் மேலும் 100 டாலர் செலுத்த வேண்டும். ஊரிலிருந்து சென்ற பெற்றோர் இருவர் எனில் அதுவே 200 டாலர். ஆண்டு முழுவதும் செல்லும் அனுமதிச் சீட்டு 250 டாலராதலால், வேறு பூங்காக்களுக்கும் போக எண்ணுவோர் கணக்குப் பார்த்துக்கொள்வது நலம். பூங்காவினுள் உள்ள விடுதிகளில் 13 மாதங்களுக்கு முன்பிருந்தே அறை பதிவு செய்யலாம். காலந்தாழ்த்தியோர்க்குத் தெற்கு வாயிலுக்கு வெளியே டுசாயன் என்ற சிற்றூர் உண்டு.

பாலைநிலம் என்ற சொல்லை நம்பி மெல்லிய ஆடைகளை மட்டும் கட்டிச் செல்லுதல் வேண்டா. தெற்கு விளிம்பு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி. நம் கொடைக்கானலின் உயரம் அது. டிசம்பரில் பனி பொழியும். கோடையிலும் இரவில் குளிரும். காற்றின் அடர்த்தி குறைவாதலால் நெஞ்சு நோயும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் செல்வதே தக்கது. ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் முதியோர்க்கு இதமானவை.

விளிம்பில் என்ன இருக்கிறது என்று இளையோர் ஏளனமாகக் கேட்பர். உண்மையில் நிறைய இருக்கிறது. யாவபாய் புவியியல் காட்சிக்கூடத்தின் அருகிலிருந்து தொடங்கும் 'காலத்தின் பாதை'யில் ஒரு மீட்டர் நடந்தால் பத்து இலட்சம் ஆண்டுகளைக் கடந்ததாகக் கணக்கு. பள்ளத்தாக்கின் பல்வேறு அடுக்குகளிலிருந்து எடுத்த பாறைகளை அவற்றின் வயதுக்குரிய இடத்தில் வழியோரம் வைத்திருக்கின்றனர், தொட்டும் பார்க்கலாம். மேலடுக்குச் சுண்ணாம்புப் பாறைக்கு வயது 27 கோடி ஆண்டு. அடியில் ஆற்றோரம் கிடக்கும் கரும்பாறைக்கோ 170 கோடிக்கு மேல். இத்தனை பழைய பாறையை ஆறு இவ்வளவு ஆழமாக அறுத்தது கடந்த 50, 60 இலட்சம் ஆண்டுகளில்தான் எனப் பல அறிஞர் கூறுவர். பேரனுடைய விரலைப் பற்றிக்கொண்டு, தளமிட்ட அச்சமவழியில் பாட்டியும் இயன்றமட்டும் நடக்கலாம். இது கீழே இறங்கும் பாதையைவிடத் தாழ்ந்ததென்று நாம் கருதவில்லை.

பூங்காவினுள் கட்டணமில்லாப் பேருந்துகள் ஓடுகின்றன. மேற்கே செல்லும் ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்த வண்டிகளுக்கு இடமில்லை; ஆயினும், நடக்க இயலாதவர் உடனிருப்பின் சிறப்பு அனுமதி பெறலாம். கிழக்கே 25 மைல் தொலைவில், மேரி கோல்டர் என்னும் பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1932-ல் எழுந்த கற்கோபுரத்தின் அருகே நின்றால் ஆறு தெளிவாகத் தெரியும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: விளிம்பு நெடுகிலும் கைப்பிடிச் சுவர் கிடையாது. நிழற்படம் எடுப்பவர் "இன்னும் சற்றுப் பின்னே" என்று சொல்லும் வழக்கத்தை அங்கே விட்டுவிடுவது நன்று.

இனி, இறங்குதல். 1540-ல் கார்சியா லோபஸ் தே கார்தெனாஸ் என்ற ஸ்பானியரின் குழு, ஹோப்பி மக்கள் வழிகாட்ட, இவ்விளிம்பை வந்தடைந்தது. மேலிருந்து நோக்கிய அவர்களுக்குக் கொலராடோ ஆறடி அகல ஓடைபோல் தோன்றிற்று. உடல்வலிமையும் சுறுசுறுப்பும் மிக்க மூவர் இறங்கினர். மாலையில் திரும்பியபோது, மூன்றில் ஒரு பங்குதான் இறங்க முடிந்தது என்றனர். மேலிருந்து ஆள் உயரமாகத் தெரிந்த பாறைகள், அருகிற் சென்றபோது செவில் நகரப் பேராலயக் கோபுரத்தினும் உயர்ந்திருந்தனவாம். கண்ணை ஏமாற்றும் இவ்வளவு பெரிய இடம் இன்றும் அப்படியே இருக்கிறது.

மலையேறுவோன் களைத்தால் திரும்புவான். அவனுக்கு மீதியிருப்பது இறக்கம். இங்கோ களைப்புத் தோன்றும் இடத்தில் மீதியிருப்பது முழு ஏற்றம். இறங்க ஒரு மணி எனில் ஏற இரண்டு மணி என்று கொள்க. மேலே இதமாயிருக்கும் நாளில் அடிவாரத்தில் வெப்பம் 20 பாகை பாரன்ஹீட் அளவு கூடியிருக்கும். கோடையில் அங்கே 100 பாகையைக் கடப்பது வழக்கம். பிரைட் ஏஞ்சல் பாதையில் அடிவார விடுதி வரை ஏறத்தாழ 10 மைல். திரும்புகையில் 4,000 அடிக்கு மேல் ஏற வேண்டும். ஒரே நாளில் ஆற்றுக்குப் போய்த் திரும்ப முயல வேண்டா எனப் பூங்காக் காவலர்கள் கூறுவது வெற்று மிரட்டலன்று. நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்களும் அப்பாதையில் உயிரிழந்திருக்கின்றனர்.

குடும்பத்தோடு செல்வோர் ஒன்றரை மைலில் உள்ள இளைப்பாறும் மண்டபத்தோடு நின்று திரும்பலாம். கோடையாயின் காலை 10 மணிக்குள் மேலே வந்துவிட வேண்டும். தண்ணீர் ஆளுக்கு ஆள் தனியே எடுத்துச் செல்க. வெறும் தண்ணீரையே மேலும் மேலும் குடிப்பதும் கேடு. இரத்தத்தில் உப்புக் குறைந்து மயக்கம் வரும். நம் வீட்டு முறுக்கும் உப்புக் கடலையும் அங்கே மருந்தாகும். (அவற்றை அணிலுக்கு நீட்ட வேண்டா. அங்குள்ள அணில்கள் கடிக்கும். உணவளிப்போருக்கு அபராதமும் உண்டு.)

இளையவர்கள் ஆற்றுவரை செல்ல விரும்பின், அது வேறொரு பயணம். அடிவாரத்தில் இரவு தங்கும் இடம் முன்னதாகவே உறுதியாகியிருக்க வேண்டும். எவ்வாறாயினும், யார் இறங்குவது, எந்த இடத்தில் திரும்புவது, மேலே பெரியவர்களோடு யார் இருப்பது என்பவற்றைப் புறப்படுமுன் வீட்டு மேசையில் முடிவு செய்க. பாதையின் வாயிலில் நின்றுகொண்டு, மருமகனின் உற்சாகத்திற்கும் மாமனாரின் கூச்சத்திற்கும் இடையே எடுக்கும் முடிவு நல்ல முடிவாவது அரிது. பள்ளத்தாக்கினுள் பெரும்பாலும் கைபேசி இயங்காது என்பதும் அறியத்தக்கது.

ஞாயிறு இடைப்பட்டால் கவலை வேண்டா. விளிம்பிலுள்ள சிற்றூரில் கிறிஸ்து அரசர் பெயரால் ஒரு சிறு கத்தோலிக்க ஆலயம் இருக்கிறது. இந்நாட்டோடு நம் திருச்சபைக்கு உள்ள தொடர்பு பழையது. 1776-ல் பிரான்சிஸ்கன் சபைக் குரு பிரான்சிஸ்கோ கார்செஸ், கிளைப் பள்ளத்தாக்கொன்றில் வாழ்ந்த ஹவாசுப்பாய் மக்களிடம் இறங்கிச் சென்றார். அவர்களும் அவரை அன்போடு ஏற்று உபசரித்தனர். அம்மக்களின் ஊராகிய சுபாய்க்கு இன்றும் கோவேறு கழுதைமீதே அஞ்சல் போகிறது.

திருப்பலி நேரத்தை முன்னதாகவே விசாரித்துக்கொள்க. குளிர்காலத்தில் லாஸ் வேகஸிலிருந்து வருவோரின் கடிகாரம் அரிசோனா நேரத்திற்கு ஒரு மணி பின்தங்கியிருக்கும். அதைத் திருத்தாதவர்கள் இறுதி ஆசீருக்குத்தான் வந்து சேர்வார்கள்.