உக்கிராணம் நிரம்பட்டும்!

கல்யாண வீட்டுக்கு வரும் தலைமைச் சமையற்காரர் முதலில் உக்கிராண அறையைத்தான் பார்ப்பார். அரிசி முதல் பெருங்காயம் வரை வந்து சேர்ந்த பிறகே அடுப்பை மூட்டச் சொல்வார். பந்தி நேரத்தில் கடை பூட்டிக் கிடந்தால் மானம் போய்விடும் அல்லவா?

கம்ப்யூட்டருக்கு மென்பொருள் எழுதுவோருக்கும் இந்தப் பாடம் வேண்டும்.

மென்பொருள் என்பது கம்ப்யூட்டருக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுப்பு. பெரிய மென்பொருளைப் பல பகுதிகளாகப் பிரித்து எழுதுவார்கள். பிறர் எழுதிய பகுதிகளையும் சேர்த்துக் கொள்வார்கள். எல்லாவற்றையும் வரிசைப்படி இணைத்தால்தான் அது ஓடும்.

ஆனால் பலர் தாங்கள் எழுதியதை மட்டும் கொடுக்கிறார்கள். "மற்றதை இன்டர்நெட்டில் எடுத்துக் கொள்ளுங்கள்" என்கிறார்கள்.

இது ஆபத்து!

2016 மார்ச்சில் என்ன நடந்தது? 'லெப்ட்-பேட்' என்று ஒரு சின்னஞ்சிறு பகுதி. மொத்தம் 11 வரிகள். ஒரு பெயர்த் தகராறில் கோபித்துக்கொண்டு, எழுதியவர் அதை இன்டர்நெட் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான மென்பொருள்களை உருவாக்க முடியாமல் போயிற்று!

நமக்குப் புயல் பயமும் உண்டு. 2011 டிசம்பரில் 'தானே' வந்தது. 2024 நவம்பரில் 'பெஞ்சல்' புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. லைன் அறுந்த ஊரில் இன்டர்நெட்டுக்கு எங்கே போவது?

வழி இருக்கிறது. 1993-ல் தொடங்கிய 'டெபியன்' என்ற இலவச மென்பொருள் தொகுப்பை உலகெங்கும் உள்ள தொண்டர்கள் உருவாக்குகிறார்கள். 2023 ஜனவரியில் பக்கத்து விழுப்புரத்திலேயே அதற்கு ஒரு மாநாடு நடந்தது. அவர்களுடைய விதி கண்டிப்பானது. மென்பொருளை உருவாக்கும்போது இன்டர்நெட்டைத் தொடக்கூடாது. தேவையான பகுதிகளுக்கு முன்பே பட்டியல் தர வேண்டும். அவையும் டெபியன் கிடங்கிலேயே இருக்க வேண்டும்.

"சேர்த்து வைத்த சரக்கு பழசாகிவிடாதா?" என்று கேட்கலாம். ஆகும்தான். அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பதிப்பு எண்ணை எழுதி வைக்க வேண்டும். குறை கண்டுபிடிக்கப்பட்டால் உடனே புதியதை மாற்ற வேண்டும்.

புதுவைக் கல்லூரிகள் ஒரு சோதனை வைக்கட்டும். மாணவர் கொடுக்கும் மென்பொருளை வேறொரு கம்ப்யூட்டரில் போடுங்கள். இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். அங்கே அது உருவானால் மார்க் கொடுங்கள்!

அடுத்த வீட்டுக்காரரும் சமைக்க முடிந்தால்தான் அது முழுச் சீதனம். இல்லாவிட்டால் வெறும் பாத்திரம்தான்.