மூளையின் குருதிக்குழாய்களும் மலையகத்தின் கிளினிக் நாளும்

மூளையின் குருதிக்குழாய்ச் சுவரில் படியும் கொழுப்பை நேரடியாகக் காட்டும் உயர் தெளிவு எம்.ஆர்.ஐ. பரிசோதனை இன்று உலகின் பெரிய வைத்தியசாலைகளில் இடம்பிடித்து வருகின்றது. 1927இல் போர்த்துக்கல் வைத்தியர் எகாஸ் மோனிஸ் மூளையின் குருதிக்குழாய்களை முதன்முதலில் எக்ஸ்ரேயில் காட்டினார். அம்முறையில் தெரிவது குருதி ஓடும் பாதையின் ஒடுக்கம் மாத்திரமே. சுவருக்குள் இருப்பது கொழுப்புப் படிவா, அழற்சியா என்பதைப் பிரித்தறியப் புதிய முறை உதவுகின்றது. மூளைக்குள் குழாய்கள் ஒடுங்குவதால் வரும் பாரிசவாதம் ஐரோப்பியரை விட ஆசியரிடையே அதிகம் என்பதால் இது நமக்குத் தூரத்துச் செய்தியன்று.

படிவைக் கண்டபின் செய்வது என்ன? 2011இல் வெளியான அமெரிக்காவின் சம்ப்ரிஸ் ஆய்வு எதிர்பாராத விடையைத் தந்தது. ஒடுங்கிய குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டோரில் 14.7 சதவீதத்தினர் 30 நாட்களுக்குள் பாரிசவாதத்துக்கு உள்ளாகினர் அல்லது இறந்தனர். தீவிர மருந்துச் சிகிச்சை மாத்திரம் பெற்றோரில் இது 5.8 சதவீதமே. அந்த மருந்துகள் எவை? அஸ்பிரின், குளோபிடோகிரெல், கொலஸ்ரோல் மாத்திரை, குருதியமுக்க மாத்திரை. அரச கிளினிக்குகள் இலவசமாக வழங்கும் வகையைச் சேர்ந்தவையே இவை!

ஆனால் நாட்கூலியில் வாழும் தோட்டத் தொழிலாளிக்குக் கிளினிக் இலவசமன்று. அங்கு வரிசையில் நின்றால் அன்றைய 'பேர்' போய்விடும். தலைவலியோ மயக்கமோ இல்லாதபோது மாத்திரைக்காக ஒருநாள் சம்பளத்தை யார் இழப்பார்? கை கால் விழுந்த பின்னரே குருதியமுக்கம் அளக்கப்படும் அவலம் இவ்வாறுதான் நேர்கின்றது.

அதன் பின்னர் அவகாசமும் சொற்பம். குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்கு முன் மூளையில் குருதிக் கசிவு இல்லையென சி.டி. ஸ்கான் மூலம் உறுதி செய்தாக வேண்டும். பனிமூட்டத்தில் தோட்டப் பாதை இறங்கவே நேரம் கரைகின்றது. ஹட்டன் நகரின் தமிழ், முஸ்லிம் வர்த்தகருக்கும் கண்டிக்குச் செல்ல அதே மலைப்பாதைதான்.

இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு அமைக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக் கட்டடம் 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் மோடியால் திறந்து வைக்கப்பட்டது. கட்டடங்களைத் திறக்கும் ஆர்வம் நமது அரசியல்வாதிகளுக்கு என்றும் குறைந்ததில்லை. எந்த நேரத்திலும் ஸ்கான் எடுத்து ஊசி ஏற்றும் ஏற்பாடு மலையகத்துக்குள்ளேயே இருப்பதைச் சுகாதார அமைச்சு உறுதிப்படுத்த வேண்டும். மாதம் ஒருமுறை கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே குருதியமுக்கத்தை அளக்கவும், கிளினிக் நாளுக்கு முழுப்பேர் வழங்கவும் தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் அடுத்த பேச்சுவார்த்தையிலேயே இணங்க வேண்டும்.